ள் போய் ன் வந்தது

“உங்க கதாநாயகிக்கு ரொம்பத் திமிர், மேடம்,” என்றார் வார இதழின் ஆசிரியர்.

எழுத்தாளருக்கு முகம் சுண்டிவிட்டது. சிறுகதைகளாக எழுதித் தள்ளியவருக்கு முதன்முதலாக ஒரு தொடர்கதை வாய்க்கிற நேரம். அதுவும் நடுப்பக்கத்தில், படத்தோடு.

“திமிரா? அவ கப்பல் கேப்டன், சார். நடுக்கடல்ல புயல் அடிக்குது.”

“புயல் அடிக்கட்டும், வேண்டாங்கல. அதுக்காகக் கப்பல் முதலாளியோட மச்சானையே ‘தள்ளி நில்’லுங்கறா. புருஷன் போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா.”

“கப்பல் மூழ்கப்போற நேரத்துல போனை எடுத்து, சாப்டாச்சான்னு விசாரிக்கணுமா?”

“சரி, புயல் ஓய்ஞ்ச பிறகாவது ஒரு சொட்டு அழக் கூடாதா? இவ என்னடான்னா காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறா! வாசகர்களுக்கு ஒட்டாது மேடம். ஒரு அத்தியாயம் அழ விடுங்க. மச்சான்கிட்ட மன்னிப்புக் கேக்க விடுங்க. அடுத்த மாசமே ஆரம்பிச்சுடலாம். இல்லேன்னா கஷ்டம்.”

எழுத்தாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என் பெரியவன் போன மாசம் மேனேஜரை மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்தான். அவனை யாராவது திமிர்னாங்களா? தன்மானக்காரன்னுதானே சொன்னாங்க! ஆம்பளைக்கு ஒரு நியாயம், பொம்பளைக்கு ஒரு நியாயமா?”

“அது நிஜம் மேடம். இது கதை,” என்றார் ஆசிரியர், பெரிய தத்துவத்தை உதிர்த்துவிட்ட நிறைவோடு.

வீட்டுக்கு வந்து மகளிடம் கொட்டித் தீர்த்தார். அம்மா கையால் எழுதுவதை, ஆபீஸ் போன நேரம் போக டைப் அடித்துக் கொடுப்பவள் அந்தச் சின்னவள்தான்.

“இதுக்கா இவ்வளவு புலம்பல்? கேப்டனை ஆம்பளை ஆக்கிடலாம்மா. எல்லா ‘ள்’ளையும் ‘ன்’ ஆக்கினா முடிஞ்சுது. என்ன சொல்றாருன்னுதான் பார்ப்போமே!”

கம்ப்யூட்டரில் ஒரு தட்டு. ‘அவள்’ ‘அவன்’ ஆனாள். ‘வந்தாள்’ ‘வந்தான்’ ஆயிற்று. புருஷனைப் பெண்டாட்டி ஆக்கி, மிச்சம் மீதியைக் கையால் மாற்றி, வேலையை முடித்தாள்.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், பாவம். கதையில் இருந்த ‘ள்’ ஒன்றையும் அது விடவில்லை. ‘தள்ளி நில்’ ‘தன்ளி நில்’ ஆனது. ‘உள்ளே வா’ ‘உன்ளே வா’ ஆனது. அம்மாவும் மகளும் இருந்த வேகத்தில் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆசிரியர் எழுந்து நின்றே வரவேற்றார்.

“பிச்சு உதறிட்டீங்க மேடம்! முதலாளி மச்சானாவது, மண்ணாங்கட்டியாவது! என்ன கம்பீரம்! பெண்டாட்டி போனைக்கூட எடுக்கல பாருங்க, அதுக்குப் பேர்தான் கடமை. கடைசில காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறான் பாருங்க, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

“அவன் அழவே இல்லையே சார்?”

“அதான் மேடம்! உள்ளுக்குள்ள அழறான்.” ஆசிரியர் தாளைப் புரட்டினார். “இந்தத் ‘தன்ளி நில்’, ‘உன்ளே வா’ எல்லாம் கப்பல்காரங்க பேச்சா? படிக்கும்போதே உப்புக்காத்து அடிக்குது!”

எழுத்தாளர் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“சார், நான் ஒரே ஒரு எழுத்தைத்தான் மாத்தினேன். ‘ள்’ போய் ‘ன்’ வந்திருக்கு. அவ குடிச்ச அதே டீயைத்தான் இவன் குடிக்கிறான்.”

ஆசிரியர் பழைய பிரதியைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“கேப்டன் பொம்பளையாவே வரணும். இல்லேன்னா கதையைத் திருப்பிக் கொடுத்துடுங்க,” என்றார் எழுத்தாளர். சொல்லிவிட்டாரே தவிர, நடுப்பக்கம் கைநழுவிப் போய்விடுமோ என்று ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சரி மேடம், ‘ள்’ளே போட்டுடலாம்.” கொஞ்சம் தயங்கினார். “அந்தத் ‘தன்ளி நில்’ மட்டும் அப்படியே இருக்கட்டுமா?”

எழுத்தாளர் கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தார். ஆபீசில் இருக்கவேண்டிய சின்னவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டி, இந்த நேரத்துல வீட்டுல?”

“நான் செஞ்ச வேலையை மேனேஜர் தன்னோடதுன்னு காட்டிட்டார்மா. மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்துட்டேன்.”

எழுத்தாளருக்குப் பகீர் என்றது. நடுப்பக்கம் மறந்தே போயிற்று. உடனே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

“அக்கா, வீட்டுல நடக்கற கூத்தைக் கேளு! மேனேஜரை மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்திருக்கா! நாலு பேர் என்ன பேசுவாங்க? ஒரு சொட்டு அழக் காணோம். காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறா!”

“ஐயையோ! பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு திமிரா?” என்று போனில் அலறினாள் அக்கா.

சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அம்மா, அந்த ‘வந்திருக்கா’வுல ஒரே ஒரு ‘ன்’ சேர்த்துச் சொல்லிப் பாரேன்.”

எழுத்தாளர் மகளையே பார்த்தார். வாய் தானாகச் சொல்லிப் பார்த்தது.

“மேனேஜரை மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு... வந்திருக்கான்.”

சொல்லி முடிப்பதற்குள் குரலில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

“அட, நம்ம பெரியவனா? சின்னவளோன்னு பயந்தே போயிட்டேன்,” என்று மறுமுனையில் சிரித்தாள் அக்கா. “அவன் சிங்கமாச்சே!”

“இல்லக்கா,” என்றார் எழுத்தாளர், குரலில் ஏறிய பெருமையை இறக்காமலே. “நம்ம சின்னவதான்!”