கையால் திறக்கும் வால்வு

அவன் பொத்தானை அழுத்தினான். இடது கையால்தான்.

பம்ப் உறுமியது. வெந்நீர் குழாயில் ஏறி, நடுப் பாத்திரத்தில் கிடந்த பார்லிக் குருணைமேல் மழையாக இறங்கியது.

யாரும் தூக்கவில்லை. யாரும் ஊற்றவில்லை.

அடிப்பாவி, என்று மனைவியை மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அப்படியொரு பெருமை.

மெல்பர்ன் வந்த நாளிலிருந்து கராஜில் பியர் காய்ச்சுகிறவன். கொதிக்கும் அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சாய்ப்பான். பக்கவாதம் வலது கையை முடக்கியதும் எல்லாவற்றையும் சாக்குப் போட்டு மூடிவிட்டான். முயன்றால் கை திரும்ப வரும் என்றார் டாக்டர். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அவன் தொடவே இல்லை. வருகிற கையாக இருந்தால் தானாக வரட்டும் என்று வீம்பு.

அவன் மனைவி தமயந்தி பியரை மோந்துகூடப் பார்க்கமாட்டாள். மாட்டுக்குக் காட்டுகிற கழனித்தண்ணி என்பாள். ஆனால் பால் தொழிற்சாலையில் பம்புகளையும் வால்வுகளையும் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை. கணவன் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், லீவு நாளெல்லாம் கராஜிலேயே கிடந்து, பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் இந்த அமைப்பைக் கட்டி முடித்தாள்.

சாறு வடிந்து அடுத்த பாத்திரத்துக்குத் தானே போனது. தானே கொதித்தது.

நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது அவன் பதறி எழுந்தான். அதற்குள் சூடு தணிந்து நுரை அமர்ந்துவிட்டது. ஒரு சொட்டு வழியவில்லை.

வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

பிறகு மணி அடித்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது.

கொதித்த சாறு சட்டென்று ஆற வேண்டும். இல்லாவிட்டால் ருசி கெட்டுவிடும். குளிர்நீர் வரும் வழியைத் தேடினான்.

வலப்பக்கம், சுவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு சந்து. அதற்குள் கைப்பிடி வைத்த வால்வு. உடம்பை எப்படித் திருப்பினாலும் இடது கை எட்டவில்லை.

"எல்லாத்தையும் பண்ணிட்டு, இதை மட்டும் ஏன் கையால திறக்கிற மாதிரி விட்டே?"

வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"மோட்டார் வால்வு ஒண்ணு பத்தலைங்க."

ஒரு திருகாணிகூடக் கணக்குத் தப்பாதவள்.

நிமிர்ந்தான். எதிரே அலமாரியில் மோட்டார் வால்வு, பிரிக்காத பெட்டியோடு உட்கார்ந்திருந்தது. ஒளித்து வைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை.

சுர்ரென்று கோபம் வந்தது. என்னிடமேவா?

விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. சாறு ஆறாமல் கிடந்தது.

வலது கையைச் சந்துக்குள் விட்டான்.

விரல்கள் கைப்பிடியைத் தொட்டன. நழுவின. மறுபடி தொட்டன.

வாசலில் அவள் கை வயர் சுற்றுவதை நிறுத்தியிருந்தது.

பல்லைக் கடித்தான். கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

குழாய்க்குள் தண்ணீர் ஓடியது.

அவன் மூச்சு வாங்க நின்றான். கையைச் சந்திலிருந்து எடுக்கவில்லை.

"தமயந்தி."

"சொல்லுங்க."

"அந்தப் பத்தாத வால்வைக் கடையிலயே திருப்பிக் குடுத்துரு."