இன்னும் மூன்று கிலோமீட்டர்

உட்கார்ந்துவிட்டார்.

சாலை நடுவில் இருந்த சிமெண்டுத் திட்டில், காலை நீட்டி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு.

பதினெட்டு கிலோமீட்டர் ஓடியாயிற்று. இன்னும் மூன்று பாக்கி.

வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. மணி எட்டுதான் ஆகிறது. தூத்துக்குடி வெயிலுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கூட ஓடியவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்து, மைதானத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

தூரத்தில் ஒரு வேன் மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன்.

அதைக் கண்டதும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

அரைக்கிணறு தாண்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் பாதியில் நின்றது. தபால்வழிப் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றது. மொட்டை மாடியில் எழுப்பிய அறைக்கு இன்றுவரை கூரை இல்லை. காலையில் கிளம்பும்போது மனைவி சொன்னாள்:

"பாதியில திரும்புனா ஒரு போன் போடுங்க. சூடா இட்லி ஊத்தி வைக்கேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாவி, பிரியமாகச் சொன்னாள். சுருக்கென்று தைத்தது.

ஆனால் இது டைப்ரைட்டிங் இல்லையே.

அவர் முதுகில் நாலு ஊக்கு போட்டுக் குத்திய துணி. அதில் ஒரு பெயர். ரெனிட்டா, வயது ஆறு. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை.

இந்த ஓட்டத்தில் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பிள்ளையின் பெயர் இருந்தது. அந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்காகத் தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் கேட்டு வாங்கித் தர வேண்டும். பிறகு அந்தப் பெயரைச் சுமந்து ஓட வேண்டும்.

கேட்பதை அவர் குறைவில்லாமல் செய்தார். அலுவலகத்தில் ஒருத்தரை விடவில்லை. ரெனிட்டாவின் ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது என்று நேற்றே அவருக்குச் செய்தி வந்தது. மேடையில் அறிவிக்கும்வரை பிள்ளையின் வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்றும் அதில் இருந்தது.

ஆக, அவர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆபரேஷன் நடக்கும்.

பிறகு எதற்கு அழுகிறார்?

அழுகைதான் அது. வியர்வை என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு பச்சைப்பிள்ளையின் பெயரையும் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டோமே என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

"சார்! சார்!"

கொஞ்சம் பின்னால்தான் தண்ணீர்ப் பந்தல். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கே நின்று ஓடுகிறவர்களுக்குத் தம்ளர் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செருப்பில்லாமல் தார்ச்சாலையில் ஓடி வந்தாள். கையிலிருந்த சொம்பில் தண்ணீர் தளும்பியது. புடவையில் குத்தியிருந்த அட்டையை அவர் படித்தார்.

பிலோமி. ரெனிட்டாவின் அம்மா.

ஐயோ.

முதுகைப் பார்த்துவிட்டாள். இந்த ஆள் ஓடி முடித்தால்தான் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று நினைத்திருப்பாள். பெற்ற வயிறு பதறாமல் என்ன செய்யும்?

மேடையாவது, அறிவிப்பாவது. அவர் முந்திக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. எல்லாம் சேந்தாச்சு. நான் ஓடலைன்னாலும் ஆபரேஷன் நடக்கும். சத்தியமா நடக்கும்."

"அது தெரியும் சார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நேத்தே ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணிட்டாவ."

அவர் விழித்தார்.

"அப்புறம் ஏம்மா இப்படி விழுந்தடிச்சு ஓடி வந்தீங்க?"

"நல்லாக் கேட்டிய போங்க. இப்படி முகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கிய. பாத்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்லுதியளா?"

பிள்ளைக்காக வரவில்லை. அவருக்காக வந்திருக்கிறாள்.

பிலோமி தரையில் உட்கார்ந்து அவர் ஷூவைக் கழற்றினாள். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"ஆட்டாதிய சார். கடலுக்குப் போயிட்டு வந்தா எங்க வீட்டு ஆளுக்கும் இப்படித்தான் பிடிச்சுக்கிடும். இது தெனமும் நீவுற கை."

இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி நீவினாள். உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீர் ஊற்றினாள். மறுபடி நீவினாள். கெண்டைக்கால் மெல்ல இளகியது.

வேன் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"ஏறுங்க சார். இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு."

அவர் கதவைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

இனி யாருக்காகவும் ஓட வேண்டியதில்லை. ஓடினால் தனக்காக ஓட வேண்டும். அப்படி ஒன்றைச் செய்து அவருக்குப் பழக்கமே இல்லை.

இரண்டு மாதமாக ஊரெல்லாம் வாய்விட்டுக் கேட்ட மனுஷன், தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"தனியா முடியாது போலிருக்கும்மா. கொஞ்சம் கூட வர்றீங்களா?"

பிலோமி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். பந்தல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, தண்ணியப் பாத்துக்கிடு. நான் சாரைக் கொண்டு விட்டுட்டு வாறேன்."