மரவள்ளி மாவு

வைக்கோலை அரைத்து, பாய்லரில் எரிக்கிற பெல்லட் என்னும் சிறு கட்டிகள் செய்து விற்றான் ஜீயபுரம் மாதவன். உதிர்கிறது என்று ஆலைக்காரர்கள் எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். வாடிக்கையில் மிச்சம், வீட்டுக்கு மூட்டை வாங்கும் காளியாயி மட்டும்தான்.

கடைசி முயற்சியாக, உதிராமல் ஒட்டுவதற்கு மரவள்ளி மாவும் வெல்லப்பாகும் கலந்து கொடுத்திருந்தான். இதுவும் தேறாவிட்டால் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான்.

"இந்த மூட்டை எப்படிக்கா?"

"அருமை தம்பி! நாலே நாள்ல காலி. ஒரு துணுக்கு மிச்சமில்ல."

மாதவனுக்குப் போன உயிர் வந்தது. "சாம்பல் நிறைய விழுதா?"

"சாம்பலா? வீட்ல கேஸ் அடுப்புல்ல இருக்கு! இது மாட்டுக்கு."

"மாட்டுக்கா?"

"முன்னல்லாம் வேண்டாவெறுப்பா மெல்லும். இப்பதான் ஆசையாத் திங்குது. வேறென்ன போடச் சொல்றீங்க? ஊரு வைக்கோலையெல்லாம்தான் நீங்க அரைச்சுட்டீங்களே."