சாருக்கு ஒரு சைலன்சர்

“லிட்டருக்கு அம்பது ஓடின வண்டி இப்பம் முப்பதுதான் ஓடுது ஷாஹுலே!” என்றார் திற்பரப்பு ரப்பர் தோட்டத்து சூப்பர்வைசர் சிவபிரசாத்.

மெக்கானிக் ஷாஹுல் வண்டியில் மாட்டியிருந்த புது சைலன்சரைத் தட்டிப் பார்த்தான். “இதை மாட்டினா வண்டி பெட்ரோலைக் குடிக்கத்தான் செய்யும் சாரே. ஏத்தத்தில இழுவையும் இருக்காது. பழசையே மாட்டிருவமா?”

“வேண்டாம்டே. தொழிலாளிய எல்லாரும் சேந்து ஓணத்துக்கு வாங்கித் தந்தது. சத்தம் கேட்டா சிங்கம் வாற மாதிரி இருக்காம். எந்த சூப்பர்வைசருக்குடே இப்பிடிப் பிரியம் கெடைக்கும்?”

“பிரியத்தை டாங்கில ஊத்தி ஓட்ட முடியாதே சாரே.”

அரை மனதோடு சம்மதித்தார். பழைய சைலன்சரோடு வண்டி மேட்டில் ஜம்மென்று ஏறியது. வழியில் குயில் கூவியதுகூடக் கேட்டது.

தோட்டத்தில், மரத்துக்கு மரம் பாய் விரித்து எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாலைப் பக்கம் காதைக் கொடுத்துக் காவலிருந்த பகவதியப்பன் மட்டும், எதிரே வந்து நின்ற சிவபிரசாத்தைக் கண்டு பதறி எழுந்தான். வண்டியைப் பார்த்தான். அவன் முகம் வாடிப்போயிற்று.

“என்ன சாரே இது! நாங்க அவ்வளவு ஆசையா வாங்கித் தந்ததைக் கழத்திப் போட்டா, நீங்க வாறது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”