முதுகுக்குப் பின்னால்

கடலுக்குள் மூழ்கி வேலை செய்யும் சுழியோடியான ஹியூபேட் கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. மனைவி பிறிஜெற் பதறினாள்.

"என்னங்கோ, கடலுக்குள்ள ஏதும் நடந்ததோ?"

"கடலடியில தாண்டு கிடக்கிற கப்பலுக்குள்ள மாட்டுப்பட்டுப் போனன். முதுகில ஏதோ பிடிச்சு இழுத்தது. ஒண்டும் தொங்கக்கூடாதெண்டு எல்லாத்தையும் இறுக்கிக் கட்டித்தான் இறங்கினனான்."

அவனோடு சுழியோடி, வீடுவரை துணைக்கு வந்திருந்த ஹமீட் சொன்னான்: "நல்ல காலம், இவரு உதறல்ல, திரும்பல்ல. அப்படியே நிண்டு கையைக் காட்டினாரு. நான் போய் வெட்டி விட்டன். திமிறியிருந்தா இன்னும் சுத்தியிருக்கும், காத்தும் முடிஞ்சிருக்கும்."

பிறிஜெற் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். பயம் தெளிய, கோபம் பொங்கி வந்தது.

"வலையையும் கயித்தையும் கடலுக்குள்ள விட்டுட்டுப் போனவன் ஆரோ, அவன்ர கை முடங்கிப் போக! என்ர தாலியை எல்லோ அறுக்கப் பார்த்தவன்! அந்தக் கையால ஒரு வாய் சோறு தின்னமாட்டான்!"

"வலையில்ல தங்கச்சி" என்று ஹமீட் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். வெட்டுப்பட்ட நீல நைலோன் றிபன். அதன் நுனியில் அந்தோனியார் பதக்கம். "இவர்ட ஜக்கெட்டுக்குப் பின்னால ஆரோ கட்டியிருந்தாங்க."

கொச்சிக்கடைக் கோயிலில் ஆசீர்வதித்து வாங்கி, விடிய அவன் குளிக்கப் போன நேரம், அவன் கண்ணில் படாமல் பிறிஜெற் காவலுக்கெனச் செருகிக் கட்டிய றிபன்.

ஹியூபேட் பதக்கத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு வெறும் கோப்பையை மெல்ல நீட்டினான்.

"பிறிஜெற், அந்தக் கை முடங்க முந்தி இன்னொரு தேத்தண்ணி ஊத்தித் தாவன்."