எட்டு மணிக்குச் செத்துப்போகும் பிளக்

"கரண்ட்டுத் திருடன் மட்டும் கையில சிக்கட்டும், கையை முறிச்சிருதேன்!"

இசக்கிப்பாண்டி இதைச் சொன்னது மனைவி ஆறுமுகத்தாயிடம். ஆனால் சத்தம் போட்டது பக்கத்துக் கோலியின், அந்த ஒற்றையறை வீட்டின், கதவைப் பார்த்து.

அந்தக் கதவைத்தான் ஹமீது பூட்டிக்கொண்டிருந்தார். தோல் பட்டறைக்குக் கிளம்பியவர், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

"பாத்தியா? மூஞ்சியே காட்டிக்கொடுக்குது."

"மெதுவாப் பேசுங்க. பீவி பிரசவத்துக்கு மேலப்பாளையம் போயி பத்து நாளாச்சு. அந்த மனுஷன் ஒத்தையில கஷ்டப்படுதாரு. அவரைப் போயி..."

"எனக்கும் பத்து நாளாத்தான்ட்டி கஷ்டம்! பொண்டாட்டி ஊர்ல இல்லேன்ன உடனே துணிச்சல் வந்துட்டு போல."

புருஷன் பத்து நாளாய்ச் சரியாகத் தூங்கவில்லை என்பது ஆறுமுகத்தாய்க்குத் தெரியும்.

இசக்கிப்பாண்டிக்கு ராத்திரி டாக்சி. முதலாளி மாலிக்கின் ஹில்மன் வண்டியில் டைனமோ கிழம். ராத்திரி முழுக்க ஹெட்லைட் எரிந்தால் விடிகிற நேரத்தில் பாட்டரி மூச்சை விட்டுவிடும். அதனால் தினமும் காலையில் பாட்டரியைக் கழற்றிக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்து, தாராவிக் கோலியில் சார்ஜரில் போடுவான். சாயங்காலம் கொண்டுபோய் மாட்டுவான். ஒரு வருஷமாக இதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது பத்து நாளாகப் பாட்டரி பாதி வயிற்றோடுதான் எழுந்திருக்கிறது. முந்தாநாள் ராத்திரி செம்பூர் நாக்கா நாற்சந்தியில், சவாரி வந்த பெரியவரையே இறங்கித் தள்ளச் சொல்லும்படி ஆகிவிட்டது. விஷயம் மாலிக் காதுக்குப் போயிற்று. "இன்னொரு தரம் வண்டியைத் தள்ளினதாக் கேள்விப்பட்டா, சாவியை வச்சிட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் இசக்கிப்பாண்டி லேசில் விடுகிற ஆளா? பாட்டரிக்குத் தண்ணீர் பார்த்தான். முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினான். சார்ஜரைக் குர்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே ரிப்பேர்க் கடையில் மாட்டினதும் அதன் முள் துள்ளி எழுந்தது. வீட்டில் மாட்டினால் படுத்துக்கொண்டது.

நேற்று பிளக்கில் ஒரு பல்பைச் செருகிவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

காலை எட்டு மணிக்குப் பல்பு அணைந்தது. ஹமீது வீட்டைப் பூட்டுகிற நேரம். மத்தியானம் ஒரு மணிக்கு எரிந்தது. ஹமீது சாப்பிட வருகிற நேரம். அவர் திரும்பிப் போனதும் மறுபடி அணைந்தது. இத்தனைக்கும் அவன் கோலியின் மற்ற விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்தன.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"நம்ம வயர்ல என்னமோ கோளாறு பண்ணி வச்சிருக்காரு. ஸ்டூலைப் பிடி. வயரு எங்கெங்க போகுதோ அங்கெல்லாம் நானும் போறேன்."

அந்த வயர் அவனே இழுத்தது. போன வருஷம், அறுபத்துநாலு தீபாவளிக்கு முதல் நாள், வயர்மேன் வருகிறவரை பொறுக்கமாட்டாமல், மாலை இருட்டில் அவசர அவசரமாகப் பூட்டியது.

பிளக்கிலிருந்து விரலாலேயே தடவிக்கொண்டு போனான். சுவரில் ஏறிய வயர், உத்தரத்தில் ஊர்ந்து, இரண்டு கோலிகளுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரின் உச்சிக்குப் போயிற்று. அங்கே இரண்டு பழைய வயர்கள் பக்கம் பக்கமாக ஓடின. ஒன்று இவன் வீட்டு மீட்டருக்கு. மற்றது ஹமீது வீட்டு மீட்டருக்கு.

தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தான். அவன் தன் வயரைச் சேர்த்துக் கையால் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. ஹமீதின் வயரில்.

"என்னங்க, திருடன் யாருன்னு தெரிஞ்சுட்டா?" என்றாள் கீழே நின்ற ஆறுமுகத்தாய்.

இசக்கிப்பாண்டி அந்தத் துண்டாலேயே டேப்பை மறைத்தான்.

அப்போது பக்கத்துக் கோலியில் பூட்டுத் திறக்கிற சத்தம். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. யாரோ அவசரமாக உள்ளே வந்து மெயின் சுவிட்சைத் தட்டினார்கள்.

ஆறுமுகத்தாயின் காலடியில் சார்ஜர் 'ஹ்ம்' என்று உறும ஆரம்பித்தது. முள் துள்ளி எழுந்தது.

சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். கீழே ஹமீது. ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பாய்... இந்த வயரு... ஒரு வருஷமா நான் உங்க கரண்ட்டைத்தான்... சத்தியமா எனக்குத் தெரியாது பாய்!"

"அது எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. பகல்ல விளக்கே போடாம மீட்டரு சுத்துதேன்னு பீவிதான் முதல்ல கண்டுபிடிச்சா."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை சொல்லாம இருந்திய?"

ஹமீது, கிளம்பும்போது போலவே, தலையைக் குனிந்துகொண்டார்.

"என் மேலதான் தப்பு அண்ணாச்சி. ரயில் ஏறுதப்பகூட அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா, 'வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைச்சிராதிய, பக்கத்து வீட்டுல பாட்டரி ஏறணும்'னு. அடுத்த வரிசையில தீப்பிடிச்சதுலேருந்து கை தானா அதை அணைச்சிருது. நீங்க கோவமாப் பேசினதுக்கு அப்புறம் பாதி வழியிலதான் ஞாபகம் வந்து, பட்டறையில சொல்லிட்டு ஓடி வாறேன். மன்னிச்சிக்கிடுங்க."