அடுத்த வரி

திருநெல்வேலியில் ஒரு கல்லூரி விழா. நகைச்சுவை சொல்ல ஜெபராஜ் மைக்கைப் பிடித்தார். பேசுபவர் அடுத்து என்ன சொல்வார் என்பதை மாணவர்களின் போன்கள் முன்கூட்டியே காட்டிவிடும்.

"எங்க ஹாஸ்டல் சாம்பார்ல..."

"நீச்சலே அடிக்கலாம்!" என்று அரங்கமே கத்தியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆறு ஜோக்குகளுக்கும் அதே கதிதான்.

"புதுசா இருந்தா சொல்லும், இல்லன்னா எறங்கும்வே!" என்றான் ஒருவன்.

ஜெபராஜுக்கு ரோஷம் வந்தது. ஒரு மாதமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்ததைச் சொல்லத் துணிந்தார்.

"என் பொண்டாட்டி சாராள்..."

"செத்துப்போயிட்டா!"

அவர் மைக்கைக் கீழே இறக்கினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி போனைப் பார்த்து, "இப்போ அழப்போறாரு" என்று கத்தினாள்.

அன்று முதன்முறையாக அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.